‘நம்பர் 1’ பிரவுசர் எது? ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் கணக்குக்குப் பின்னால் இருக்கும் கதை

2025 அக்டோபர் தொடக்கத்தில் சமூக வலைதளங்களில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றி வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ‘உலா’ பிரவுசர், ஆப்பிள் ஆப் ஸ்டோரின் யுட்டிலிட்டீஸ் பிரிவில் முதலிடம் பிடித்திருந்தது. கூகுள் குரோம் அதற்குக் கீழே. ‘அரட்டை’ செயலிக்கு அலை அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. குரோம் காலி என்கிற ரீதியில் பதிவுகள் பறந்தன. மறுபக்கம், “இந்தியாவுல பத்துல எட்டு பேருக்கு மேல குரோம்தானே வச்சிருக்காங்க, என்ன நம்பர் 1?” என்று கிண்டலும் கிளம்பியது.

இதில் யார் சொன்னது சரி? இரண்டு தரப்புமே சரிதான். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

ஆப் ஸ்டோர் பட்டியல் காட்டுவது, இப்போது எந்தச் செயலி அதிகமாக இறக்கப்படுகிறது என்பதை. எத்தனை பேர் தினமும் பயன்படுத்துகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஐபோனில் சஃபாரியும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் குரோமும் வாங்கும்போதே உள்ளே இருக்கின்றன. ஏற்கெனவே இருப்பதை யாரும் புதிதாக இறக்கப்போவதில்லை. அதனால் திடீரென ஆர்வம் கிளம்பும் ஒரு புதிய பிரவுசர், சில நாட்களுக்கு அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போக முடியும். அது உண்மையான சாதனைதான். ஆனால், ‘குரோமை வீழ்த்தியது’ என்று அதற்கு அர்த்தம் இல்லை.

முதல் நாள் வசூல் சண்டையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. ஒருவர் உலக மொத்த வசூலைச் சொல்வார், இன்னொருவர் தமிழ்நாடு வசூலைச் சொல்வார், மூன்றாமவர் தயாரிப்பாளருக்கு வரும் பங்கைச் சொல்வார். மூன்று எண்ணும் வேறு வேறு. சண்டை மட்டும் ஒன்று. பிரவுசர் உலகில் இந்தச் சண்டை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

ஒரே மாதம், இரண்டு ‘முதலிடம்’

இதன் உச்சக்கட்டம் 2012. அப்போது பிரவுசர் பயன்பாட்டை அளக்க இரண்டு பெரிய நிறுவனங்கள் இருந்தன: ஸ்டாட்கவுன்டர், நெட் அப்ளிகேஷன்ஸ். அந்த ஆண்டு மே மாதம் குரோமும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் தலா 32 சதவீதத்தை ஒட்டி இருப்பதாகவும், குரோம் மயிரிழையில் முந்திவிட்டதாகவும் ஸ்டாட்கவுன்டர் சொன்னது. அதே மாதம் நெட் அப்ளிகேஷன்ஸ் கணக்கில் எக்ஸ்ப்ளோரருக்கு சுமார் 54 சதவீதம். குரோமுக்கு 20 சதவீதம்கூட இல்லை.

எப்படி இவ்வளவு வித்தியாசம்? ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணலாம். எத்தனை டீ போனது என்றும் எண்ணலாம். காலையிலிருந்து பெஞ்சை விட்டு எழாமல் ஆறு டீ குடிப்பவர் முதல் கணக்கில் ஒருவர், இரண்டாவது கணக்கில் ஆறு. நெட் அப்ளிகேஷன்ஸ் ஆட்களை எண்ணியது. ஸ்டாட்கவுன்டர் டீயை எண்ணியது, அதாவது திறக்கப்பட்ட பக்கங்களை. நெட்டிலேயே கிடப்பவர்கள் அதிகமாக குரோமுக்கு மாறியிருந்தால், டீக் கணக்கில் குரோம் தூக்கலாகத் தெரியும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நெட் அப்ளிகேஷன்ஸ் ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு பேர் இணையத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப எடை போட்டது. கோடிக்கணக்கானோர் பழைய எக்ஸ்ப்ளோரரில் இருந்த சீனாவுக்கு அதனால் அதிக எடை கிடைத்தது. ஸ்டாட்கவுன்டர் அப்படி எடை போடுவதில்லை; தன்னுடைய எண்ணும் நிரல் இருக்கும் தளங்களில் என்ன பதிவாகிறதோ அதுதான் கணக்கு. மைக்ரோசாஃப்ட் இதை வெளிப்படையாகவே குறை சொன்னது. குரோம் ரசிகர்களோ, தோற்றவன் தராசைக் குறை சொல்கிறான் என்றார்கள்.

உண்மையில் மைக்ரோசாஃப்ட் சொன்னதில் ஒரு பாயின்ட் இருந்தது. பயனர் அடுத்து எந்தப் பக்கத்துக்குப் போவார் என்று ஊகித்து, அதை முன்கூட்டியே திறந்து வைக்கும் வசதி குரோமில் வந்திருந்தது. கண்ணால் பார்க்காத பக்கமும் கணக்கில் ஏறியது. பின்னர் ஸ்டாட்கவுன்டர் அதைக் கழித்துக்கொண்டு கணக்கிட்டது. அப்படியும் போக்கு மாறவில்லை, குரோம் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அதே ஆண்டின் ஒரு சுவாரஸ்யமான தகவல்: ஸ்டாட்கவுன்டர் கணக்கில் குரோம் முதன்முதலாக ஒரு நாள் முழுக்க முந்தியது 2012 மார்ச் 18, ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கள்கிழமை ஆபீஸ் திறந்ததும் எக்ஸ்ப்ளோரர் மறுபடி மேலே வந்துவிட்டது. வீட்டில் பிடித்த பிரவுசர், வேலையில் கொடுத்த பிரவுசர். எந்தக் கிழமையில் எண்ணுகிறோம் என்பதற்கே இவ்வளவு வித்தியாசம்.

தேர்வை நடத்துவதும் நாமே, முதல் மார்க் எடுப்பதும் நாமே

‘உலகின் வேகமான பிரவுசர்’ விளம்பரங்களின் கதை இன்னும் வேடிக்கை. 2010-இல் கூகுள் ஒரு வீடியோ வெளியிட்டது: துப்பாக்கியிலிருந்து உருளைக்கிழங்கு பாய்கிறது, அதற்குள் குரோமில் பக்கம் திறந்துவிடுகிறது. பார்க்க ஜோர். ஆனால், இன்னொரு பிரவுசரை வைத்தால் உருளைக்கிழங்கு எங்கே போயிருக்கும் என்று அதில் இல்லை.

ஒப்பிட்டுக் காட்டிய விளம்பரங்கள் மட்டும் நம்பகமா என்றால், அதிலும் ஒரு கேள்வி இருக்கிறது: தேர்வை வைத்தது யார்? ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த வேகச் சோதனைகளில் சன்ஸ்பைடரை உருவாக்கியது ஆப்பிளின் வெப்கிட் அணி. கிராக்கனை உருவாக்கியது மொசில்லா. ஆக்டேன் கூகுளுடையது. போட்டியாளர்களே வினாத்தாள் தயாரித்தார்கள்.

வினாத்தாள் தெரிந்தால் அதற்கு மட்டும் படிப்பவர்களும் இருப்பார்கள் அல்லவா? 2010 நவம்பரில் மொசில்லா பொறியாளர் ஒருவர் விசித்திரமான ஒன்றைக் கண்டார். எக்ஸ்ப்ளோரர் 9-இன் சோதனைப் பதிப்பு, சன்ஸ்பைடரின் ஒரு பகுதியை மட்டும் நம்ப முடியாத வேகத்தில் முடித்தது. அந்த நிரலில் எதையும் மாற்றாத ஒரு சின்ன வரியைச் சேர்த்ததும் அந்த வேகம் காணாமல் போனது. ‘காப்பி அடிச்சுட்டாங்க’ என்று ஃபயர்ஃபாக்ஸ் ரசிகர்கள் பொங்கினார்கள். பயனில்லாத கணக்குகளைத் தவிர்க்கும் பொதுவான உத்திதான் அது என்று மைக்ரோசாஃப்ட் விளக்கம் கொடுத்தது. அந்த விவாதம் ரசிகர்கள் மத்தியில் தீரவே இல்லை.

கூகுள் 2017-இல் தன்னுடைய ஆக்டேனுக்கே மூடுவிழா நடத்தியது. சோதனையில் மார்க் வாங்குவதற்கென்றே செய்யும் மாற்றங்கள் நிஜமான இணையதளங்களுக்கு உதவவில்லை என்று அவர்களே சொன்னார்கள். ஸ்பீடோமீட்டர் 3 என்ற சோதனையை ஆப்பிள், கூகுள், மொசில்லா சேர்ந்து உருவாக்கி வெளியிட 2024 வரை ஆனது.

பேட்டரி விஷயத்திலும் இதே கூத்து. 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஒரே மாதிரி நான்கு லேப்டாப்களில் வீடியோ ஓடவிட்டு, எது கடைசி வரை தாக்குப்பிடிக்கிறது என்று காட்டியது. எட்ஜ் 7 மணி 22 நிமிடம், குரோம் 4 மணி 19 நிமிடம். ‘குரோமைவிட 70 சதவீதம் கூடுதல்’ என்று விளம்பரம். இரண்டு நாளில் ஓபரா களத்தில் இறங்கியது. தன் சோதனையில் எட்ஜை விட ஓபரா 22 சதவீதம் கூடுதல் நேரம் ஓடியதாக அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் ஓடவிட்டது வீடியோ. ஓபரா ஓடவிட்டது பல இணையதளங்கள், அதுவும் தன்னிடமிருந்த விளம்பரத் தடுப்பையும் பேட்டரி சேமிப்பையும் போட்டுக்கொண்டு. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் மைதானத்தில் அவரவர் ஜெயித்தார்கள், அவ்வளவுதான்.

ரசிகர்கள் எவ்வளவு தூரம் போவார்கள்?

மென்பொருளுக்கு ரசிகர்கள் சொந்தக் காசில் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? 2004 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஃபயர்ஃபாக்ஸுக்காக இரண்டு பக்க விளம்பரம் வந்தது. சுமார் 10,000 பேர் நன்கொடையாகக் கொடுத்த பணம் அது. 2008 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3 வெளியானபோது ரசிகர்கள் திரண்டு 24 மணி நேரத்தில் 80,02,530 முறை இறக்கி கின்னஸ் சாதனை படைத்தார்கள். இங்கே கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம், அங்கே டவுன்லோட்.

2011 மார்ச்சில் எக்ஸ்ப்ளோரர் 9-ஐ முதல் நாளில் 23.5 லட்சம் முறை இறக்கினார்கள் என்று மைக்ரோசாஃப்ட் பெருமைப்பட, அடுத்த வாரமே ஃபயர்ஃபாக்ஸ் 4 வந்து 70 லட்சத்தைத் தாண்டியது. அன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருந்த விண்டோஸ் எக்ஸ்பியில் எக்ஸ்ப்ளோரர் 9 ஓடாது, ஃபயர்ஃபாக்ஸ் ஓடும். இந்தச் சின்ன விவரத்தை ஃபயர்ஃபாக்ஸ் ரசிகர்கள் ஏனோ சொல்ல மறந்துவிட்டார்கள்.

அதே ஆண்டு ஜூலை இறுதியில் வந்தது இன்னொரு ‘ஆய்வு’. ஒரு லட்சம் பேருக்கு ஐக்யூ டெஸ்ட் வைத்ததாகவும், எக்ஸ்ப்ளோரர் பயன்படுத்துபவர்களுக்கு மற்றவர்களைவிட ஐக்யூ குறைவு என்றும் ‘ஆப்டிக்வான்ட்’ என்ற நிறுவனம் அறிவித்தது. பிபிசி உள்ளிட்ட பெரிய ஊடகங்கள் செய்தி போட்டன. எதிர்த்தரப்பு ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். சில நாட்களில் குட்டு உடைந்தது: அப்படி ஒரு நிறுவனமே இல்லை, அதன் ஊழியர்கள் என்று போட்ட படங்கள் வேறொரு நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்தவை. செய்தது கனடாவைச் சேர்ந்த ஒரு வெப் டெவலப்பர். பழைய எக்ஸ்ப்ளோரரில் தன் தளத்தைச் சரியாக ஓட வைக்கப் பட்ட பாட்டில் நொந்துபோய் இதைக் கிளப்பியதாகச் சொன்னார்.

இந்தியாவில் ஒப்பீட்டு விளம்பரத்துக்குத் தடை இல்லை; ஆனால், சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, நிபந்தனைக் குறிப்பு விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு மூலையில் எறும்பு சைஸில் எழுதி வைப்பதற்கு எதிரான விதி இது. ‘70 சதவீதம் வேகம்’ என்று எங்கே பார்த்தாலும் அந்த நட்சத்திரத்தைத் தேடுங்கள். எந்தப் பதிப்போடு, எந்தக் கருவியில், யார் சோதித்தது என்பது அங்கேதான் இருக்கும்.

சரி, யார் முதலிடம் வந்தால் நமக்கு என்ன?

இங்குதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. முதலில், பணம். பிரவுசரில் தேடுபொறி எது என்பதை வைத்துப் பெரும் தொகை கைமாறுகிறது. சஃபாரியில் கூகுள் தேடல் இயல்பாக இருப்பதற்காக 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்திலும் பெரும்பகுதி கூகுள் ஒப்பந்தத்திலிருந்தே வருகிறது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபின், குரோமையே விற்கச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க அரசு கேட்டது. 2025 செப்டம்பரில் நீதிமன்றம் அதற்கு மறுத்துவிட்டது. பங்கு சதவீதம் என்பது ரசிகர்கள் பீற்றிக்கொள்ளும் எண் மட்டுமல்ல.

இரண்டாவது, சின்ன பிரவுசர் வைத்திருப்பவர்களின் நிலைமை. அமெரிக்க அரசின் இணைய வடிவமைப்பு விதிமுறையில் ஒரு ‘2 சதவீத’ வரம்பு உண்டு: அரசுத் தளங்களுக்கு வருபவர்களில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பிரவுசர்களுக்குத்தான் உத்தரவாதமான ஆதரவு. 2023 இறுதியில் ஃபயர்ஃபாக்ஸ் அந்தக் கோட்டை நெருங்கியபோது ரசிகர்கள் பதறியது சும்மா இல்லை. கோட்டுக்குக் கீழே போனால் சோதிக்க மாட்டார்கள். சோதிக்காவிட்டால் படிவம் நிரப்பும்போது ஏதோ ஒரு பட்டன் வேலை செய்யாது. ஆள் குரோமுக்குப் போய்விடுவார். அடுத்த மாதக் கணக்கில் இன்னும் ஒருவர் குறைவார்.

சரி, அந்தக் கணக்காவது துல்லியமா? எண்ணும் நிரலையே விளம்பரத் தடுப்பான்கள் தடுத்துவிடும். தனியுரிமைக்காகச் சின்ன பிரவுசர்களைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர் அந்தத் தடுப்பான்களையும் போட்டிருப்பார்கள். எண்ணப்படாமலேயே குறைகிறார்கள். நெட் அப்ளிகேஷன்ஸ் 2020-உடன் தன் பிரவுசர் கணக்கையே நிறுத்திக்கொண்டது. பிரவுசர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் விவரம் மாறப்போகிறது, இனி துல்லியம் கிடைக்காது என்பது அது சொன்ன காரணம்.

இன்றைக்கு ஸ்டாட்கவுன்டர் கணக்கில் உலக அளவில் மூன்றில் இரண்டு பங்கு குரோம். எட்ஜ், ஓபரா, பிரேவ், நம்ம ஊர் உலா எல்லாமே கூகுள் தொடங்கிய குரோமியம் திட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. ஐபோனில் கதை தலைகீழ்: ஐரோப்பா போன்ற சில இடங்களில் விதி தளர்ந்ததைத் தவிர்த்தால், அங்கே குரோம் என்ற பெயரில் ஓடுவதும் உள்ளுக்குள் ஆப்பிளின் வெப்கிட்தான்.

விவால்டி என்றொரு பிரவுசர் இருக்கிறது. அதுவும் குரோமியம் குடும்பம்தான். ஆனாலும் சில பெரிய தளங்கள் அதன் பெயரைப் பார்த்ததுமே, ‘உங்கள் பிரவுசருக்கு ஆதரவு இல்லை’ என்று வாசலிலேயே நிறுத்தின. 2019 டிசம்பரில் விவால்டி ஒரு முடிவெடுத்தது: இனி பெரும்பாலான தளங்களிடம் தன்னை குரோம் என்றே சொல்லிக்கொள்ளும். தளங்கள் ஒழுங்காகத் திறந்தன. அன்றிலிருந்து விவால்டி பயனர்கள் திறக்கும் பக்கங்களில் பெரும்பாலானவை குரோம் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கின்றன.