தோல் வேண்டும், கறி மட்டும் கூடாதா?

தோழர்களே, வளரிளம் பெண்களுக்கான ஆரோக்கிய முகாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பேனர், சுண்டல், நாப்கின் பாக்கெட், கடைசியில் குரூப் போட்டோ. கலவையைச் சுற்றியுள்ள காலனிகளில் நாங்களும் நடத்துகிறோம். ரத்தசோகை வகுப்புக்காகச் சுவரில் மாட்டும் படத்தில் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கேழ்வரகு, வெல்லம் எல்லாம் இருக்கும். மாட்டுக்கறி இருக்காது. அச்சடித்துத் தருகிறவர்களிடம் கேட்டால் 'சென்சிட்டிவ் விஷயம்' என்கிறார்கள். யாருக்கு? எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பே அதுதான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் படியேறினால் மூச்சு வாங்கும், மதிய வகுப்பில் கண் சொருகும். பத்தாவதில் தோற்றால் 'படிப்பு ஏறல' என்று சொல்லி ஷூ கம்பெனி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அவள் ரத்தத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். கூட நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். (நம் தாத்தாக்கள் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிட்டார்களே, அந்தப் பட்டையின் டானின் வகைதான் டீயிலும் இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.) கறியிலும் ஈரலிலும் உள்ள ஹீம் இரும்பு அவ்வளவு பாடுபடாமல் ரத்தத்தில் சேரும். ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் சாப்பிடச் சொல்ல எல்லாருக்கும் வாய் வருகிறது. அதற்குக் கூலிக்காரர் வீட்டில் காசு ஏது? ஒரு கிலோ ஆட்டுக்கறி விலையில் இரண்டு கிலோ மாட்டுக்கறி வாங்கலாம்.

மாட்டின் தோலால் பிழைக்கும் வட்டாரம் இது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் பதனிட்ட தோல் ஷூவாகி ஐரோப்பாவுக்குப் போகிறது. தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தோல் என்றால் அந்நியச் செலாவணி, கறி என்றால் முகச்சுளிப்பு. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணி திருவிழாவில் பீஃப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே கேள்வியை முகாம் சுவரில் தொங்கும் படத்திடமும் கேட்கிறோம்.

நம் ஆட்களிலும் சிலர் 'பாபாசாகேபே விடச் சொன்னார்' என்று வகுப்பெடுக்கிறார்கள். 1927 மகாடில் விடச் சொன்னது செத்த மாட்டின் கறியை. கடையில் அறுத்து விற்கும் கறி வேறு. மாட்டிறைச்சி உண்டதைத் தீண்டாமையின் வேர்களில் ஒன்றாக அவர் காட்டியது 1948-இல் வந்த 'தீண்டப்படாதார்' நூலில். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

முகாமில் 'நேற்று என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்டால் கறி சாப்பிட்டவள் 'சாம்பார் அக்கா' என்கிறாள். பக்கத்தில் இருப்பவள் குனிந்து சிரிக்கிறாள். சொந்த வீட்டு அடுப்பைப் பற்றிப் பொய் சொல்லப் பழகிய பிள்ளையிடம்தான் மாதவிடாயைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசு, கம்பெனியில் சூப்பர்வைசர் கை வைத்தால் புகார் கொடு என்று நாம் பாடம் நடத்துகிறோம். அதிகாரமளித்தல் என்று பேனரில் போட்டிருக்கிறது.

பிடிக்காதவள் சாப்பிட வேண்டாம். பள்ளியில் வாராவாரம் தரும் இரும்புச்சத்து மாத்திரையை யாரும் ஜன்னல் வழியாக வீசவும் வேண்டாம். சோகை முற்றியவளுக்குக் கறிக்குழம்பு போதாது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

தன்னார்வலராக முகாமுக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உணவுப் பட்டியலை முதல்நாளே வாங்கிப் பாருங்கள். மாட்டுக்கறி இல்லையென்றால் பெரிய எழுத்தில் நீங்களே எழுதிச் சேருங்கள். எடுக்கச் சொல்கிறவர்களிடம் காரணத்தைக் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். எங்களுக்கு இதுவரை ஒருவரும் எழுதித் தந்ததில்லை.