நல்ல பொருள் தானாகப் பரவாது

நல்ல கண்டுபிடிப்பு தானே ஊர் போய்ச் சேரும், சேராவிட்டால் குற்றம் படிக்காத சனங்களின் மேல்தான் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கொங்கு நாட்டில் நடந்ததைப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். இரண்டும் பெரிய காரியங்கள்தான். ஆனால் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் நிலைக்க அவை மட்டும் போதவில்லை. வோல்டேஜ் இறங்கினால் காயில் கருகும். சித்திரை வெயிலில் பத்து நாள் மோட்டார் படுத்துவிட்டால் வெள்ளாமை போச்சு. கருகிய கம்பியை உருவி, ஸ்லாட்டுகளைச் சுத்தம் செய்து காகிதம் வைத்து, புதுச் செப்புக் கம்பியைச் சுற்று எண்ணிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தரும் காயில் கடை பக்கத்துச் சந்தை ஊரிலேயே இருந்தாக வேண்டும். பம்பு வார்க்கும் பட்டறையும் பேரிங் மாற்றும் ஆளும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் நிலைத்தது. அந்தக் கைகளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்குத் தீராத குறை.

குடியானவன் புதுசுக்கு மசியமாட்டான் என்பது அடுத்த குற்றச்சாட்டு. மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்தவருக்கு மாட்டின் விலையும் தெரியும், தோல் பறி எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஒரு கோடையைத் தாண்டுகிறதா என்று அவர் பொறுத்துப் பார்த்தது அறியாமை அல்ல, கணக்கு. அமெரிக்காவின் அயோவா உழவர்களும் அப்படித்தான். வீரிய மக்காச்சோளத்தைப் பற்றி விதை விற்பவர் சொல்லிக் கேள்விப்பட்டார்கள். அண்டைக் காட்டுக்காரர் சொன்ன பிறகே பலர் விதைத்தார்கள். ரயன், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1943இலேயே இதை எழுதிவிட்டார்கள்.

"அருணாசலம் முருகானந்தம் தனி ஆளாகச் சாதிக்கவில்லையா?" என்று கேட்பார்கள். நாப்கின் இயந்திரத்தை உருவாக்கியது அவருடைய உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் கொடுத்தாரே, அதுதான் பரவலின் வேர். கடைக்காரரிடம் ஒரு பெண் வாய்விட்டுக் கேட்க முடியாததை, அதே தெருவில் நாப்கின் செய்யும் அக்காவிடம் கேட்கலாம். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது, எங்கே போடுவது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் போய்ச் சேர்ந்தது. அவர் கதையைத் தழுவி 2018இல் வந்த 'பேட் மேன்' படத்துக்குப் பிறகும் நாயகன் ஒருவரையே கொண்டாடுகிறோம்.

ஆகவே, புத்தாக்கப் போட்டி நடத்தும் கல்லூரிகளும் அரசுத் துறைகளும் பரிசுப் பணத்தில் பாதியையாவது, அந்தப் பொருளை ஊரில் பழுது பார்க்கப் போகிறவரின் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும்.