கணக்கெடுக்க வந்தவருக்கு பீரோ சாவி எதற்கு?

சம்பளம் ஏறிவிட்டதா என்று பேங்க் ஆப்பைத் திறந்து பார்க்கிறோம். கேஸ் புக் பண்ணுகிறோம், ரயிலில் ஸீட் இருக்கிறதா என்று தேடுகிறோம். விரல் பட்ட நொடியில் பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதிலை அனுப்புவது, எங்கோ ஏ.சி. அறையில் அடுக்கி வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டர்கள். உலகம் முழுக்க இப்படி இணையத்துக்காக உழைக்கும் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில்தான் ஓடுகின்றன.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர் இருப்பார். ராத்திரி 2 மணிக்கு போன் அடித்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உட்காருவார். 'இந்த நேரத்தில் அப்படி என்ன வேலை?' என்று கேட்டால், 'சர்வர் அலர்ட்' என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்வார். அந்த அலர்ட்டை அனுப்பும் சாஃப்ட்வேரைப் பற்றியும், அதை சர்வரில் ஏற்றும்போது பலரும் செய்துவிடும் ஒரு காரியத்தைப் பற்றியும்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

நாடி பார்க்கும் ஏஜென்ட்

ஹார்டு டிஸ்க் நிரம்புகிறதா, மெமரி தீரப்போகிறதா, யாராவது தப்பான பாஸ்வேர்டைப் போட்டு விடாமல் முட்டிக்கொண்டிருக்கிறார்களா... இதையெல்லாம் 24 மணி நேரமும் கவனிப்பதுதான் மானிட்டரிங் சாஃப்ட்வேரின் வேலை. நாகியோஸ், ஸாபிக்ஸ், ப்ரொமீதியஸ் மூன்றும் இதில் பிரபலமானவை. மூன்றுமே காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடியவை.

ஸாபிக்ஸை எடுத்துக்கொள்வோம். லாட்வியா நாட்டைச் சேர்ந்த அலெக்ஸெய் விளாடிஷெவ் ஆரம்பித்தது. கண்காணிக்க வேண்டிய ஒவ்வொரு சர்வரிலும் 'ஏஜென்ட்' என்ற குட்டி சாஃப்ட்வேரை ஏற்றிவிடுவார்கள். தலைமை சர்வர் குறிப்பிட்ட இடைவெளியில் 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்கும். 10050 என்ற எண்ணுள்ள வாசல் வழியாக ஏஜென்ட் பதில் சொல்லும். இந்த வாசலுக்கு 'போர்ட்' என்று பெயர்.

ராஜாவுக்கே அனுமதி இல்லை!

சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் இதை ஏற்றப் பத்து நிமிடம் போதும். பாதுகாப்பை இறுக்கி வைத்திருக்கும் சர்வரில்தான் சிக்கல். 'ரூட்' என்று ஒரு பயனர் கணக்கு உண்டு. லினக்ஸில் அதுதான் ராஜா. அந்த ராஜாவாகவே நுழைந்து ஏஜென்ட்டை ஓட்டினாலும் 'பெர்மிஷன் டினைட்' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் எஸ்.இ.லினக்ஸ். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ. உருவாக்கி, 2000 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட பாதுகாப்பு ஏற்பாடு இது. 2003-ல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இடம் பிடித்தது. 2005-ல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4, இதைத் தானாகவே இயங்கும்படி வைத்திருந்தது.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு ஃபைலுக்கும், ஓடும் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும், ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். எந்தச் சீட்டுக்காரர் எதைத் தொடலாம் என்று ஒரு சட்டப் புத்தகம் இருக்கும். அதில் எழுதாத எதற்கும் அனுமதி கிடையாது. கேட்பவர் ராஜாவாக இருந்தாலும் சரி.

ஒற்றை வரி மந்திரம்

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர் இணையத்தில் தேடுவார். 'செட்என்ஃபோர்ஸ் 0' என்று அடித்துப் பாருங்கள் என யாரோ எழுதியிருப்பார்கள். அடித்த அடுத்த நொடி ஏஜென்ட் ஓடும். மேனேஜரும் சந்தோஷப்படுவார்.

அந்த ஒரு வரி என்ன செய்தது தெரியுமா? சர்வர் முழுவதற்குமான எஸ்.இ.லினக்ஸ் காவலையும், வெறுமனே வேடிக்கை பார்த்துக் குறிப்பு மட்டும் எழுதும்படி ஆக்கிவிட்டது. சர்வரை அணைத்துப் போட்டால் பழைய காவல் திரும்பிவிடும். அது தொல்லை என்று, செட்டிங் ஃபைலிலேயே நிரந்தரமாக மாற்றி வைப்பவர்களும் உண்டு.

கரன்ட் மீட்டர் கணக்கெடுக்க ஒருவர் வருகிறார். கேட் பூட்டியிருக்கிறது. கேட்டைத் திறந்துவிட்டால் போதும். அதற்குப் பதிலாக வாசல் கதவு, பூஜை அறை, பீரோ எல்லாவற்றையும் திறந்துபோட்டுவிட்டு, அவர் போன பிறகும் பூட்டாமல் இருந்தால் எப்படி? அதுதான் இது.

இரண்டு சம்பவங்கள்

'கணக்கெடுப்பவர் நல்லவர்தானே?' என்று கேட்கலாம். 2020-ல் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் 'ஓரியன்' என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேரின் அப்டேட்டிலேயே, ஊடுருவல்காரர்கள் தங்கள் நிரலை ஒளித்துவைத்தார்கள். சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்த அப்டேட் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க நிதித்துறையும் பாதிக்கப்பட்டது. டிசம்பரில்தான் விஷயம் வெளியே வந்தது. ஓரியன் ஓடியது விண்டோஸில். எனவே எஸ்.இ.லினக்ஸ் அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால், கண்காணிக்க வருகிறவரையும் ஓர் எல்லைக்குள் நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

'அப்படியானால் கண்காணிப்பே வேண்டாமே' என்றும் விட முடியாது. 2017-ல் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் 76 நாட்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தார்கள். போக்குவரத்தைச் சோதிக்க வேண்டிய கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. கருவி இருந்தும் பார்வை இல்லை. சான்றிதழைப் புதுப்பித்ததும்தான் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் தெரிந்தது. அதற்குள் சுமார் 14.7 கோடி பேரின் தகவல்கள் போய்விட்டன.

ஆக, கண்ணும் வேண்டும், பூட்டும் வேண்டும்.

கேட்டை மட்டும் திறப்பது எப்படி?

ஐ.டி. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி. மற்றவர்கள் படித்துவிட்டு அவர்களுக்கு ஃபார்வேர்டு செய்யுங்கள்.

1. ஏஜென்ட்டை, அதைத் தயாரித்தவர்களின் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து, டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து ஏற்றுங்கள். ஸாபிக்ஸ் களஞ்சியத்தில் எஸ்.இ.லினக்ஸ் விதிகளுக்கென்றே தனி பேக்கேஜ் உண்டு. பாதிப் பிரச்னை அதிலேயே தீர்ந்துவிடும்.

2. ஏஜென்ட்டை ரூட்டாக ஓட்டாதீர்கள். அதற்கென்று தனிப் பயனர் கணக்கு இருக்கட்டும்.

3. தடை வந்தால் முதலில் ஆடிட் லாகைப் படியுங்கள். யார், எதைத் தொடப் போய், ஏன் தடுக்கப்பட்டார் என்பது அதில் இருக்கும்.

4. வழக்கமான காரணங்கள் மூன்று. ஹோம் ஃபோல்டரிலிருந்து நகர்த்திய ஃபைல், பழைய சீட்டோடு வந்திருக்கலாம். 'ரீஸ்டோர்கான்' சரியான சீட்டை ஒட்டிவிடும். வழக்கமில்லாத போர்ட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் 'செமேனேஜ்' மூலம் அதைப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே உள்ள ஒரு ஸ்விட்சைப் போட்டாலே போதும் என்றால், அதற்கு 'செட்செபூல்' இருக்கிறது.

5. அப்படியும் தீரவில்லையா? சர்வர் முழுவதையும் தளர்த்தாமல், அந்த ஏஜென்ட்டின் சீட்டை மட்டும் 'பெர்மிஸிவ்' நிலையில் வைக்கலாம். அது என்னென்ன கேட்கிறது என்று லாகில் பார்த்து, தேவையானதற்கு மட்டும் விதி எழுதிவிட்டு, மறக்காமல் பழைய நிலைக்குத் திருப்புங்கள். 'ஆடிட்2அலவ்' தானாகவே விதி எழுதித் தரும். படிக்காமல் ஏற்றினால் அதுவும் பீரோ சாவிதான்.

6. ஃபயர்வாலில் 10050 போர்ட்டை, தலைமை சர்வரின் முகவரிக்கு மட்டும் திறங்கள்.

மொத்தமாகப் பார்த்தால் பாதி நாள் வேலை. 'இன்றைக்கே வேண்டும்' என்று அவசரப்படுத்தும் மேனேஜர்கள் அந்தப் பாதி நாளைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

உங்கள் கையிலும் இருக்கிறது

'எனக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்கிறீர்களா? உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். எஸ்.இ.லினக்ஸ் 2013-ல் ஆண்ட்ராய்டு 4.3-ல் அறிமுகமாகி, 2014-ல் வந்த 5.0-லிருந்து முழுமையாகக் காவல் காக்கிறது. ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் தகவலைத் தொட முடியாமல் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆனால், அந்தக் காவலாளியால் தடுக்க முடியாதது ஒன்று உண்டு. நாமே 'அலவ்' என்று அழுத்திக் கொடுத்துவிடும் அனுமதி. டார்ச் ஆப்புக்கு கான்டாக்ட்ஸ் எதற்கு? காலண்டர் ஆப்புக்கு மைக் எதற்கு? போனில் செட்டிங்ஸ் போய், 'பெர்மிஷன் மேனேஜர்' என்று தேடுங்கள். கேமரா, மைக், லொகேஷன், எஸ்.எம்.எஸ். ஒவ்வொன்றையும் யார் யார் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் வரும். காரணம் புரியாத பெயரையெல்லாம் எடுத்துவிடுங்கள். ஏதாவது ஆப்புக்கு நிஜமாகவே தேவைப்பட்டால், அது மறுபடி கேட்கும். அப்போது யோசித்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

அப்படியே அப்பா, அம்மா போனையும் வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.