கலை என்ன கணக்கில் வராத செலவா?

திருச்சபையின் வேலை செபமும் மறைக்கல்வியும்தான். கலை என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று சொல்லும் நல்லவர்கள் நம்மிடையே பலர் உண்டு. திருச்சபையின் கட்டடம் என்றால் அது வருவாய் ஈட்டியாக வேண்டும் என்பது அவர்களுடைய இரண்டாவது விசுவாசப் பிரமாணம். இவ்விரு கருத்துகளும் மக்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரமே சான்று.

1969ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருவிழா இரவில், அந்நகரின் புனித பசிலியார் ஆலயத்தின் முன் மெக்சிகோ வழிவந்த கத்தோலிக்க இளைஞர்கள் திரண்டனர். பல இலட்சம் டாலர் செலவில் எழுந்த புதிய ஆலயம் அது. ஏழைகளாகிய எங்களுக்குத் திருச்சபையில் இடம் எங்கே என்பதே அவர்களது கேள்வி. பதிலாகக் கிடைத்தது கைது.

உண்மையான பதில் 1970இல் ஒரு கார்க்கொட்டகையில் பிறந்தது. பிரான்சிஸ்கன் சபைத் துறவி அருட்சகோதரி காரன் பொக்கலேரோ, கார்லோஸ் புவேனோ, அந்தோனியோ இபாஞெஸ் முதலிய ஓவியர்களுடன் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் திரை அச்சுப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அதுவே 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்' என்னும் கலை மையமாக வளர்ந்தது. ஓவியக் கூடங்கள் தங்களை ஏறிட்டும் பாராத காலத்தில், அப்பகுதிக் கலைஞர் அங்கே தம் மக்களின் முகங்களை அச்சிட்டனர். வண்டி ஒன்றைக் கலைக்கூடமாக்கிப் பள்ளிகளுக்கும் தெருக்களுக்கும் கொண்டு சென்றனர்.

"ஏழைக்கு வேண்டியது சோறு, ஓவியம் அன்று" என்பார்கள். சோறு வேண்டும், மறுப்பவர் யார்? ஆனால் தன் மொழியும் நிறமும் இழிவானவை என்று அன்றாடம் கேட்டு வளரும் பிள்ளைக்குச் சோறு மட்டும் கொடுத்தால், அது உண்டபின்னும் தலைகுனிந்தே நிற்கும். மனிதன் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்பதை நாம் மறையுரைக்கு மட்டுமே ஒதுக்கிவிட்டோமா?

அம்மையம் 1970களின் தொடக்கத்திலேயே இறந்தோர் நாளைத் தெருவிழாவாக்கியது. செண்டுப்பூவும் மெழுகுதிரியும் மண்டையோட்டு முகமூடியும் கண்டு, "அஞ்ஞானம்" என முகஞ்சுளிப்போரும் இருக்கலாம். நவம்பர் 2ஆம் நாள் நம் கல்லறைகளை வெள்ளையடித்து, பூத்தூவி, திரியேற்றி நிற்கும் நாம் அவர்களைப் பழிக்கலாமா? அவரவர் பண்பாட்டின் நற்கூறுகளை வழிபாட்டிலும் மதிக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே கற்பித்துவிட்டதே!

1997இல் அருட்சகோதரி இறைவனடி சேர்ந்தார். 2008இல், மையம் பல்லாண்டு இயங்கிவந்த திருச்சபைக் கட்டடம் விற்கப்பட்டது. விற்றோருக்கு அது ஒரு மனை. அங்கே வளர்ந்தோருக்கோ அது தாய்வீடு. ஆயினும் மையம் அழியவில்லை. 2011இல் அருகிலுள்ள பாயில் ஹைட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்து, 2018இல் அங்கே சொந்தக் கட்டடத்தையும் வாங்கியது. துறவி ஏற்றிய விளக்கைக் காத்தவர்கள் கலைஞர்களும் அக்கம்பக்கத்தாருமே.

பங்குப் பேரவைகளில் அமரும் பொதுநிலையினரே, மண்டபத்தின் வாடகையைக் கணக்கிடும்போது இதையும் கணக்கிடுங்கள்: கூத்துக்கும் பாட்டுக்கும் ஓவியத்துக்கும் கதவடைத்துச் சேர்த்த பணத்தால், விலகிப்போன ஓர் இளைஞனையாவது நம்மால் திரும்ப வாங்க முடியுமா?