சத்தம் பேசி ஏறுக

தமிழில் 'சத்தம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஓசை, மற்றொன்று வண்டிக் கூலி. மாட்டு வண்டிக் காலத்திலிருந்து "வண்டிச் சத்தம் என்ன?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். இவ்விரண்டு பொருள்களுக்கும் உள்ள சம்பந்தம் அகராதி எழுதியவர்களுக்குப் புலப்பட்டதோ இல்லையோ, கோத்தகிரி டாக்ஸி ஸ்டாண்டில் கால் மணி நேரம் நிற்பவருக்கு நன்றாய்ப் புலப்பட்டுவிடும். ஏறும்போது ஒரு வகைச் சத்தத்தைப் பேசாதவர், இறங்கும்போது மற்றொரு வகைச் சத்தத்தைப் போட வேண்டியதாகிறது!

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. 1819-ல் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் ஸல்லிவன் மலையேறி வந்தது கோத்தகிரிப் பக்கந்தான். ஆயினும், 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகமண்டலம் வரையிலும் வந்த மலை ரயில் எங்களைத் தொடாமலே சென்றுவிட்டது. ஆகவே இங்கே வருவோருக்கும் போவோருக்கும் பஸ் ஒன்று, வாடகை வண்டி ஒன்று. மூன்றாவது வழி சொந்தக் கால்.

வாடகைத் தகராறு என்றவுடன் கோடநாடு காட்சிமுனையைப் பார்க்க வந்த உல்லாசப் பிரயாணியின் நினைவே எல்லோருக்கும் வருகிறது. அவர் கொஞ்சம் அதிகமாய்க் கொடுத்துவிட்டால் ஒரு நாள் மனஸ்தாபம், அத்துடன் சரி. உண்மையில் இது உள்ளூர்க்காரருடைய விஷயம். ஹட்டியிலுள்ள கிழவிக்கு உதகை ஆஸ்பத்திரியில் வைத்தியம். தேயிலைத் தோட்டத்து லயனிலுள்ள பையனுக்கு மேட்டுப்பாளையத்தில் காலை ரயிலைப் பிடித்துப் பரீட்சைக்குப் போக வேண்டும். கடைசி பஸ்ஸோ போய்விட்டது. மூடுபனியில் நிற்கும் அவர்களிடம் ஒரே வண்டி, ஒரே விலை! பேரம் பேசும் நிலையில் அவர்கள் இல்லை. நியாயமான கூலி எது என்னும் கேள்வி அந்த இடத்தில்தான் உயிர் பெறுகிறது.

பள்ளிக்கூடத்தில் தூரம், வேகம், காலம் என்று பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். வண்டிச் சத்தக் கணக்கை மட்டும் ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதை இங்கே சிறிது பார்ப்போம்.

முதலாவது, ஏறப் போகும் வண்டி வாடகைக்கு விடத் தக்கதுதானா? மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் பொதுவாக வாடகை வண்டி. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. அதைக் கூலிக்கு ஓட்டுவது சட்ட விரோதம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்ட பிறகு, பர்மிட் இன்றி வாடகைக்கு ஓட்டுவோருக்கு 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரையில் சிறையும் உண்டு. "நூறு ரூபாய் குறைவு, ஸார்!" என்று வெள்ளைப் பலகைக்காரர் அழைக்கும்போது, விபத்து நேர்ந்தால் அந்த நூறு ரூபாய்க்காக இன்ஷூரன்ஸ் கம்பெனியுடன் வழக்காட நேரலாம் என்பதை நினைவில் வைப்பது நலம்.

இரண்டாவது, எத்தனை பேர் ஏறலாம்? டிரைவரைத் தவிர ஆறு பேர் வரையில் ஏற்றிச் செல்வது டாக்ஸி; ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரையில் என்றால் மாக்ஸி காப். வண்டிக்குரிய எண்ணிக்கை அதன் பதிவுப் புத்தகத்தில் உள்ளது. மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு மேல் ஒருவரை ஏற்றுவது சிக்கனமாகாது, அபாயமாகும்.

மூன்றாவதுதான் கூலிக் கணக்கு. வாடகை வண்டிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க உத்தரவிடும் அதிகாரம் மேற்படி சட்டத்தின் 67-வது பிரிவின்படி ராஜ்ய சர்க்காருக்கு இருக்கிறது. அவ்வாறே சென்னை நகரத்து ஆட்டோக்களுக்கு 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று விதித்தார்கள். அந்தக் கணக்கைக் கொண்டுவந்து மலையில் நீட்டுவதில் பயனில்லை. மலையூர்களில் மீட்டர் போட்டு ஓடும் வண்டியைக் காண்பது அரிது. மீட்டர் இருந்தால் அது சர்க்காரின் எடையளவு இலாகாவினர் சோதித்து முத்திரையிட்டதாயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் வாய்ப்பேச்சே மீட்டர்! அந்த மீட்டரை ஏறுமுன் முடுக்கிவிடுவது பிரயாணியின் பொறுப்பு.

கணக்குக்காகக் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டர். "33-ஐ 15-ஆல் பெருக்கினால் 495 தானே? 990 கேட்கிறாரே, இது பகற்கொள்ளையல்லவா?" என்பார் வந்தவர். கொள்ளையன்று. வண்டி திரும்பிக் காலியாய் இறங்க வேண்டும். அந்த 33 கிலோமீட்டருக்கும் எண்ணெய் எரிகிறது. திரும்பும்போது வேறு ஆள் கிடைப்பார் என்று தெரிந்தால் குறைத்துக் கேட்பது நியாயம். தெரியாவிட்டால் 990 கேட்பதும் நியாயமே.

இதைவிடப் பெரிய வலை 'குறைந்தபட்சம்' என்னும் ஒரு சொல்லில் இருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு நாளுக்கு வண்டி பேசி இங்கே வருகிறது. போக வர 140, சுற்றிப் பார்க்க 60, ஆக 200 கிலோமீட்டர். 15 ரூபாய் வீதம் 3,000 என்று மனக்கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாயிருக்கிறார்கள். ஆனால் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர் என்பது வண்டிக்காரரின் நிபந்தனை. இரண்டு நாளுக்கு 500 கிலோமீட்டர், 7,500 ரூபாய்! அதன் மேல் டிரைவர் பேட்டா, சுங்கம், வண்டி நிறுத்தும் கட்டணம், மலைக்கென்று தனிக் கட்டணம். இரண்டு நாள் முழுதும் வண்டியும் ஆளும் உங்களுக்காகவே நிற்பதால் அந்த நிபந்தனையிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லாமல் கடைசியில் சொல்வதில்தான் அநியாயம்.

இதுதான் நான் சொல்ல விரும்பும் விஷயம். பிரயாணியின் உரிமை என்பது குறைந்த கூலிக்குப் பாத்தியதை அன்று. கூலியை முன்னதாகவே முழுமையாக அறிந்துகொள்ளும் பாத்தியதை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலை முதலிய விவரங்களை அறியும் உரிமையை நமக்கு வழங்கியிருக்கிறது. பணம் பெற்றதற்கு ரசீது கொடுக்க மறுப்பதையும் அது நேர்மையற்ற வியாபார முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

அவசரத்தைக் கண்டு விலையை ஏற்றுவதற்கு வரம்பு இல்லையா? கைப்பேசிச் செயலி மூலம் வண்டி அனுப்பும் கம்பெனிகளுக்காக மத்திய சர்க்கார் 2025 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறையில், நெருக்கடி வேளையிலும் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. அதை ஏற்று நடத்துவது ராஜ்ய சர்க்கார்களைப் பொறுத்தது. ஸ்டாண்டு வண்டிகளை அது கட்டுப்படுத்தவும் இல்லை. எனினும் பெரிய கம்பெனிக்கே அவ்வளவுதான் என்றால், பனியில் நிற்கும் நோயாளியிடம் மூன்று மடங்கு கேட்பதை எந்தத் தராசில் நிறுப்பது? உயிருக்கு ஆபத்தான நோயென்றால் டாக்ஸியைத் தேடாமல் 108-க்குச் சொல்லுங்கள். அந்த ஆம்புலன்ஸுக்குக் கூலியே கிடையாது.

டிரைவர்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் தருமமாகாது. எண்ணெய், டயர், இன்ஷூரன்ஸ், கடன் தவணை எல்லாம் ஏறுகின்றன. சென்னையில் 2013-ல் விதித்த ஆட்டோக் கட்டணம் ஆண்டுக்கணக்கில் மாறாது நின்றதால், 2025 பிப்ரவரியில் தொழிற்சங்கங்கள் தாங்களாகவே உயர்ந்த கட்டணத்தை அறிவித்துவிட்டன. காலத்தோடு மாறாத விகிதத்தை ஓட்டுகிறவர் மதிப்பதில்லை. அவர் மதிக்காத விகிதம் பிரயாணியைக் காப்பதில்லை. ஸ்டாண்டுகளில் ஊர்வாரியாகத் தூரமும் கூலியும் காத்திருப்புக் கட்டணமும் எழுதிய பலகை ஒன்றை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால் இரு சாராருக்கும் மானம் மிஞ்சும்.

பேசியதற்கு மேல் பிடுங்கினால் என்ன செய்வது? நடுச்சாலையில் கைகலக்க வேண்டாம். வண்டி எண், நாள், நேரம், பேசிய தொகை, கொடுத்த தொகை இவ்வைந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பர்மிட், கட்டணம் பற்றிய புகாருக்கு உதகையிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவிக்கு 1915 என்னும் எண்; அழைப்புக்குக் கட்டணமில்லை. அதிலும் தீராவிட்டால் ஜில்லா நுகர்வோர் ஆணையம். ஐந்து லக்ஷம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டுமென்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். கோத்தகிரியில் ஏமாந்த மதுரைக்காரர் மதுரையிலேயே மனுச் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. "வெளியூர்க்காரன் திரும்பி வந்தா வழக்காடப் போகிறான்?" என்னும் தைரியம் இனிச் செல்லாது.

இவ்வளவு தூரம் போகாதிருக்க ஓர் எளிய உபாயம் உண்டு. புறப்படுமுன் ஒரு துண்டுக் காகிதத்திலோ, கைப்பேசிச் செய்தியாகவோ இப்படி எழுதி டிரைவரிடம் காட்டுங்கள்: "கோத்தகிரியிலிருந்து உதகை ஆஸ்பத்திரி, போக வர, காத்திருப்பு இரண்டு மணி, எல்லாம் சேர்த்து இவ்வளவு ரூபாய்." நல்ல டிரைவர் இதற்குக் கோபிக்க மாட்டார், அவருக்கும் இது பாதுகாப்பு, ஏனெனில் பேசியதைக் கொடுக்காமல் நழுவும் பிரயாணிகளும் உலகத்தில் இருக்கிறார்கள். கோபிப்பவராயிருந்தால் அந்தக் கோபம் ஏறுமுன்னரே தெரிந்துவிட்டது லாபந்தான். அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.