கையிலே காசிருந்தால்தான் கூரையா?

சிறு விவசாயியைக் கைதூக்கிவிட வழி கண்டுவிட்டதாகச் சர்க்கார் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்கள். அந்த வழியின் பெயர் பசுமைக்குடில். இரும்புக் குழாய்களை நட்டு, மேலே பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தி, பக்கங்களில் பூச்சி புகாத வலையைக் கட்டி, உள்ளே குடை மிளகாயும் வெள்ளரியும் தக்காளியும் விளைவிப்பது. கனமழை பயிரை அடித்துப் போடாது. வெயில் பூவைக் கருக்காது. சொட்டு நீரில் செடி நிற்கும். வெளியே காய் இல்லாத பருவத்திலும் உள்ளே பறிக்கலாம்.

இதெல்லாம் உண்மைதான். விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. உழைப்பவனின் பாடு குறையும் என்றால் எந்தக் கருவியையும் இரு கை நீட்டி வரவேற்போம். நாம் கேட்பது ஒரே கேள்வி: இந்தக் கூரை யாருடைய நிலத்தின் மேல் ஏறுகிறது?

கணக்கைப் பார்ப்போம்

ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்துக்காக மத்திய சர்க்கார் 2014ல் வெளியிட்ட விதிகளை எடுத்துக்கொள்வோம். 1,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 25 சென்ட் நிலத்தில், இயற்கைக் காற்றோட்டமுள்ள பசுமைக்குடில் போடச் சதுர மீட்டருக்கு ரூ. 935 செலவு என்று கணக்கிட்டார்கள். மொத்தம் ரூ. 9,35,000. இதில் பாதி மானியம். மீதி ரூ. 4,67,500 விவசாயியின் தலையில்.

அந்த விவசாயியின் வரும்படி என்ன? 2018-19ம் ஆண்டு நிலையை வைத்துச் சர்க்காரே எடுத்த தேசிய மாதிரி ஆய்வு சொல்கிறது: பயிர்ச் சாகுபடியில் ஒரு விவசாயக் குடும்பத்துக்குக் கிடைப்பது மாதம் சராசரி ரூ. 3,798. கூலி வேலையில் கிடைப்பது ரூ. 4,063. நிலம் வைத்திருப்பவனுக்கே பயிரைவிடக் கூலிதான் அதிகம் சோறு போடுகிறது! அந்தப் பயிர் வருமானத்தில் ஒரு காசும் தின்னாமல் சேர்த்து வைத்தாலும், ரூ. 4,67,500 சேர 123 மாதம் ஆகும். பத்து வருஷத்துக்கு மேல்!

இப்போது மறுபக்கம் பாருங்கள். அதே 2014 விதிகளின்படி ஒருவர் 4,000 சதுர மீட்டர் வரை மானியம் வாங்க முடிந்தது. செலவு ரூ. 33,76,000. பாதி ரூ. 16,88,000. அதாவது, 16 லட்சத்து 88 ஆயிரத்தைத் திரட்ட முடிந்த ஆசாமிக்கு, மக்கள் வரிப்பணத்திலிருந்து இன்னொரு 16 லட்சத்து 88 ஆயிரம்! ஒன்றும் திரட்ட முடியாதவனுக்கு ஒன்றும் இல்லை. கையிலே காசு, வாயிலே தோசை! இதற்குப் பெயர் சிறு விவசாயி முன்னேற்றமா? குடில் என்பது பெயர். ஏழைக்கு அது எட்டாத மாளிகை.

2025ல் இந்த விதிகளைத் திருத்தினார்கள். செலவு மதிப்பை உயர்த்தினார்கள். "பாதியை நீ போடு" என்ற அடிப்படையைத் தொடவில்லை.

அந்தப் பாதிக்குக் கடன் வாங்கலாமே என்பார்கள். கடன் கேட்டுப் போனால் பாங்கி அடமானம் கேட்கும். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவன் எந்தப் பட்டாவைக் காட்டுவான்? தட்டுத் தடுமாறிக் கூரை போட்டாலும் பிளாஸ்டிக் படலம் சில ஆண்டுகளில் வெயிலில் நைந்துவிடும்; மறுபடி வாங்க வேண்டும். ஒரே மண்ணில் ஓயாமல் வெள்ளரியும் தக்காளியும் வைத்தால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். வீரிய ஒட்டு விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்க முடியாது. போகத்துக்குப் போகம் கம்பெனியிடம் கைநீட்ட வேண்டும். 2017ல் கொண்டுவந்த சரக்கு-சேவை வரியில் இரும்புக் குழாய்க்கு 18 சதவீதம் விதித்தார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கும் வித்தை இது!

விவசாயி மீது பழியா?

"சிறு விவசாயிக்குப் புதுமையில் நாட்டமில்லை" என்று சில மேதாவிகள் எழுதுகிறார்கள். பச்சைப் பொய்! 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்திய விவசாயிகளில் நூற்றுக்கு 86 பேர் சுமார் 5 ஏக்கருக்கு உட்பட்ட நிலத்தை வைத்திருப்பவர்கள். நூற்றுக்கு 86 பேரும் சோம்பேறிகளா?

தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. இங்கே சொட்டு நீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று விதி செய்தார்கள். இல்லாதவனுக்கு அதிகம், இருப்பவனுக்குக் குறைவு, இதுதான் நியாயம். குழாய்க்கு முடிந்த நியாயம் கூரைக்கு ஏன் முடியாது?

சிறு அளவில் கூரை போட முடியாது என்பதும் பொய். சிறு விவசாயிக்கென்றே மலிவான சிறு வலைக்கூடத்தை உருவாக்கிய தெலங்கானா நிறுவனம் ஒன்றுக்கு 2022ல் இங்கிலாந்து இளவரசர் நிறுவிய எர்த்ஷாட் பரிசு கிடைத்தது. தொகை 10 லட்சம் பவுன். வழி இருக்கிறது என்பது சீமைக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கிராமம்தோறும் கொண்டுபோவது யார்? பரிசுப் பணமா? அது மக்கள் சர்க்காரின் கடமை அல்லவா?

விலை யார் கையில்?

கூரை கிடைத்தால் மட்டும் போதுமா? போதாது. ரிசர்வ் பாங்கியின் ஆய்வுக் கட்டுரை ஒன்று 2024ல் சொன்னது: தக்காளிக்கு மக்கள் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குப் போய்ச் சேருவது சுமார் 33 காசு. மில் தொழிலாளித் தோழனே, சம்பளத்தில் வாய்க்கட்டி வயிற்றைக் கட்டி நீ வாங்கும் தக்காளியில் மூன்றில் இரண்டு பங்குப் பணம் விளைவித்தவனுக்குப் போகவில்லை. உன்னையும் அவனையும் ஒரே சந்தைதான் சுரண்டுகிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. பிளாஸ்டிக் கூரையின் கீழ் உழுதாலும் அதே கணக்குதான்.

ஸ்பெயின் தேசத்தின் அல்மேரியா மாகாணம் இதற்குச் சாட்சி. அங்கே 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை. அவற்றில் பெரும்பாலானவை சிறு குடும்பப் பண்ணைகள். விலையை நிர்ணயிப்பதோ ஐரோப்பாவின் பெரிய அங்காடிக் கம்பெனிகள். அந்த நெருக்கடி முழுவதும் கடைசியில் யார் முதுகில் இறங்கியது? மொராக்கோவிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளி முதுகில். 2000ம் ஆண்டு பிப்ரவரியில் எல் எஜிதோ ஊரில் ஒரு கொலையைச் சாக்காக வைத்து அந்த ஏழைகளின் வீடுகளையும் கடைகளையும் கும்பல்கள் தாக்கின. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிப் பதில் சொன்னார்கள். விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் தனித்தனியே நின்றால் லாபம் மூன்றாவது ஆளுக்கே என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம்.

நம் கோரிக்கைகள்

விலைக்கு வழி இல்லையா? உண்டு. 2020 நவம்பரில் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 16 வகைக் காய், கிழங்குகளுக்கு அடிப்படை விலை வைத்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் சேர்த்து நிர்ணயித்த விலை. எனவே நாம் கோருகிறோம்:

ஒன்று: சிறு, குறு விவசாயிகளின் முதல் 25 சென்ட் வலைக்கூடத்துக்கோ பசுமைக்குடிலுக்கோ முழு மானியம் வேண்டும். கட்டி முடித்த பிறகு அல்ல, வேலை நடக்க நடக்கத் தவணையாகத் தர வேண்டும்.

இரண்டு: குழாய், படலம், விதை ஆகியவற்றைச் சர்க்காரே மொத்தமாக வாங்கிக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் அடக்க விலைக்குத் தர வேண்டும்.

மூன்று: குத்தகை விவசாயிகளுக்கும், கூட்டாகப் பயிரிட முன்வரும் நிலமற்ற பெண் தொழிலாளர் குழுக்களுக்கும் இத்திட்டத்தில் இடம் வேண்டும், அக்குழுக்களுக்குப் பொது நிலம் ஒதுக்க வேண்டும்.

நான்கு: காய்கறிக்கு அடிப்படை விலை வேண்டும். சத்துணவுக் கூடங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் இந்தச் சங்கங்களிடமே காய்கறி கொள்முதல் செய்ய வேண்டும்.

ஐந்து: கூரைக்குள் வேலை செய்பவர்களுக்கு நியாயமான கூலி, வெக்கையில் ஓய்வு நேரம், மருந்தடிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் வேண்டும்.

தோழர்களே! கோரிக்கை காகிதத்தில் கிடந்தால் கரையான் தின்னும். உங்கள் ஒன்றியத்தில் இதுவரை பசுமைக்குடில் மானியம் வாங்கியவர்கள் யார் யார், அவர்களுக்கு எத்தனை ஏக்கர் நிலம் இருக்கிறது என்று 2005ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். வந்த பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள். கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதை மேஜைமேல் வையுங்கள். மில் வாயிலில் நிற்கும் தொழிலாளியிடமும் காட்டுங்கள். அவன் வரிப்பணமும் அதில் இருக்கிறது.

மானியம் யாரும் போடும் பிச்சை அல்ல, நம் உழைப்பின் பங்கு. அதை வாங்கக் கையில் காசு வேண்டும் என்ற விதியை உடைப்போம். சங்கமாகத் திரள்வோம்!