வலி போச்சு... கிருமி போச்சா?

‘விழப்போற பல்தானே டாக்டர், அதுக்கு எதுக்கு ரூட் கெனால்?’

குழந்தைகளுக்கான பல் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முன்பல் ஆறேழு வயதில் விழுந்துவிடும், சரி. ஆனால், பால் கடைவாய்ப்பற்கள் 9 முதல் 12 வயதில்தான் விழும். நான்கு வயதில் சொத்தையாகும் கடைவாய்ப்பல்லுக்கு இன்னும் ஐந்தாறு வருட வேலை பாக்கி இருக்கிறது.

பால் பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். உள்ளே நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் கூழ்ப் பகுதியோ, பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் சொத்தை நரம்பை எட்ட அதிக நாள் ஆகாது.

எட்டியதும் வலி. ராத்திரி தூக்கத்தில் அழுகை. கிராம்புத் தைலம், வலிக்கான சிரப் என்று வீட்டில் சமாளிப்பார்கள். சில நாட்களில் வலி தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. அப்பாடா என்று எல்லோருக்கும் நிம்மதி. உண்மையில், பல்லின் நரம்பு செத்துப்போயிருக்கும். வலிக்கிறது என்று சொல்ல உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கிருமிகளுக்குக் கொண்டாட்டம் அதன்பிறகுதான். சொத்தையைத் தொடங்கிவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், இனிப்பை அமிலமாக்கிப் பிழைக்கும் பாக்டீரியா. ரத்த ஓட்டம் நின்ற வேர்க்குழாயின் ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு. அங்கே ஆட்கள் மாறிவிடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாமலே வாழும் ஃபியூசோபாக்டீரியம், பிரிவோடெல்லா, போர்ஃபைரோமோனாஸ் வகைகள் பெருகுகின்றன. செத்த திசுவின் புரதம்தான் இவற்றுக்குச் சாப்பாடு. வாய் நாற்றத்திலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. பல இனங்கள் சேர்ந்து, பிசுபிசுப்பான படலமாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன.

போன தடவை எழுதித்தந்த சீட்டைக் காட்டி, மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தரும் பழக்கம் இதனால்தான் வீண். மருந்து ரத்தத்தோடு போகிறது. செத்த பல்லுக்குள் ரத்தமே போவதில்லையே! வீக்கம் கொஞ்சம் அடங்கலாம். கிருமியின் வீடு அப்படியே இருக்கும்.

பால் கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. அந்த வழியாகக் கிருமிகள் எலும்புக்குள் இறங்கும். ஈறில் பருபோல ஒரு கொப்புளம் வரும், உடையும், மறுபடி வரும். அந்த வேர்களுக்கு நடுவில்தான் அடுத்த பல்லின் மொட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. சீழ் நீண்ட நாள் தங்கினால், புதுப் பல்லே பழுப்புத் திட்டோடும் குழியோடும் முளைக்கலாம். ‘டர்னர் பல்’ என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது.

பால் பல்லின் வேர்க்குழாய்கள் வளைந்து, கிளைவிட்டு இருப்பவை. கருவியால் சுரண்டினால் மட்டும் சுத்தமாகாது. கிருமிநாசினித் திரவம் விட்டு அலசுவதுதான் முக்கியமான வேலை. பெரியவர்களுக்கு நிரப்பும் பொருளை இங்கே வைக்க முடியாது. நாளை புதுப் பல் வரும்போது வேரோடு சேர்ந்து கரைய வேண்டுமே! அதனால் கால்சியம் ஹைட்ராக்சைடு, அயோடோஃபார்ம் கலந்த பசை போன்றவற்றை நிரப்பி, மேலே ஸ்டீல் கேப் போடுகிறார்கள். அது பளபளவென்று தெரிவதில் பெற்றோருக்குத்தான் கூச்சம். பிள்ளைகள் பலரும் வகுப்பு முழுக்க வாயைத் திறந்து காட்டிவிட்டு வருவார்கள்.

வேர் ஏற்கெனவே அதிகம் கரைந்திருந்தால், பல்லை எடுத்துவிடுவதே நல்லது. அப்போது பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தை அடைத்துவிடாமல் இருக்க, கம்பி வளையம் ஒன்று தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கன்னமோ தாடையோ வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும், வாயைத் திறக்க முடியாவிட்டாலும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மற்ற நாட்களில், ராத்திரி பல் தேய்த்துவிடும்போது செல்போன் டார்ச் அடித்து, கடைவாய் ஈறில் பரு ஏதும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.